கொலுசு ஆர்டரைப் படிக்கும் மாடல்: செவ்வாய்ப்பேட்டை நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள கொலுசுப் பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர் ஒற்றை வரிதான்: "கொலுசு 10 இன்ச் 80 டச் 12 ஜோடி, ஜோடி 50 கிராம்." டச் என்பது நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற கணக்கு. இந்த வரியை ஏஐ மொழி மாடல் படித்து, விவரம் ஷீட்டில் தானாக ஏற வேண்டும். வேலைகளைத் தானாக ஓட்டும் என்8என் கருவியில் வரிசை: வெப்ஹுக் (செய்தி வந்து சேரும் முகவரி), மாடலைக் கேட்கும் ஏபிஐ அழைப்பு, கோட் நோடு (நாம் எழுதும் நிரல், இனி 'கோடு'), ஷீட். ஏபிஐ கீயை (மாடலை அழைக்கும் ரகசியச் சாவியை) கோடுக்குள் எழுதாமல், என்8என்னில் அதற்கென உள்ள கிரெடென்ஷியலில் வைத்தாயிற்று.

மாடலிடம் கேட்பது நான்கே விவரம்: இன்ச், டச், ஜோடி, ஜோடி எடை. பெருக்கலை அதனிடம் கொடுக்கவே கூடாது. 12 × 50 = 600 கிராம், 80 டச்சுக்குச் சுத்த வெள்ளி 480 கிராம். இதை கோடு போடட்டும். வெள்ளிக் கணக்கில் தோராயத்துக்கு இடமில்லை.

ஜூன் 4, புதன்

டச் எழுதாத ஆர்டருக்கும் 80 டச் என்று வந்தது. பிராம்ப்டில், அதாவது மாடலுக்கு எழுதும் அறிவுறுத்தலில், கொடுத்த உதாரணத்தில் 80 இருந்ததுதான் காரணம். டச் கட்டாயம் என்று ஸ்கீமாவில் (பதில் எந்த வடிவில் வர வேண்டும் என்ற வரையறையில்) போட்டால் மாடல் எதையாவது இட்டு நிரப்பும். காலியாக விடலாம் என்று மாற்றி, டச் இல்லாத உதாரணம் ஒன்றையும் சேர்த்தோம்.

அதுவும் போதாது. ஒவ்வொரு எண்ணோடும், அது செய்தியில் எந்தச் சொற்களிலிருந்து வந்தது என்பதை அப்படியே எடுத்துத் தரச் சொன்னோம். அந்தச் சொற்கள் செய்தியில் இருக்கின்றனவா என்று கோடு தேடிப் பார்க்கும். இல்லையென்றால் அந்த எண் செல்லாது.

ஜூன் 5, வியாழன்

சரியான ஆர்டர்களும் இந்தச் சோதனையில் விழுந்தன. "கொலுசு" செய்தியிலும், மாடல் எடுத்துத் தந்ததிலும், இரண்டு பக்கமும் இருக்கிறது, கண்ணுக்கு வித்தியாசமே இல்லை, ஆனாலும் பொருந்தவில்லை.

குற்றவாளி 'கொ'. யூனிகோடில் 'ொ' ஒரே குறியாகவும் வரும்; 'ெ', 'ா' என்று இரண்டு குறியாகவும் வரும். 'ோ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதை. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பு. தமிழில் கோடு எழுதுகிற எல்லாரும் இதை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது.

ஜூன் 9, திங்கள்

ஒரே ஆர்டர் இரண்டு வரியாக ஏறியது. மாடல் பதில் வரும்வரை வெப்ஹுக்கைக் காக்க வைத்ததால், அனுப்பும் பக்கம் அதே செய்தியை மறுபடி தள்ளியது. இப்போது உடனே 200 ("கிடைத்தது" என்ற பதில்) போய்விடும், வேலை பிறகு நடக்கும்.

"தேடிப் பார், இல்லையென்றால் எழுது" என்பதும் கைகொடுக்காது. இரண்டு செய்தியும் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்றுதான் பார்க்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள அட்டவணையில், ஒரே செய்தி ஐடியை இரண்டு முறை ஏறவிடாத யூனிக் கட்டுப்பாடு போட்ட பிறகே நின்றது.

ஜூன் 11, புதன்

ஏபிஐயிடமிருந்து 429 ("கோரிக்கைகள் அதிகம்") வந்தால், பதிலோடு வரும் ரீட்ரை-ஆஃப்டர் குறிப்பு சொல்லும் நேரம்வரை பொறுக்க வேண்டும். அது இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் 1, 2, 4, 8 நொடி என்று பொறுக்க வேண்டும், கூடவே கொஞ்சம் ரேண்டம் நேரம். 400 வந்தால் திரும்ப அனுப்புவதில் பயனில்லை, கோரிக்கையே தப்பு.

நீண்ட ஆர்டரில் மாடல் தரும் ஜேசன் வடிவப் பதில் பாதியில் அறுந்தது. தமிழுக்கு டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்து எண்ணும் துண்டு) கூடுதலாகச் செலவாகும். பதிலுக்கு வைத்த 300 டோக்கன் வரம்பு போதவில்லை. அதே வரம்பில் மறுபடி அனுப்பினால் மறுபடியும் அறும். பதில் ஏன் நின்றது என்பதை முதலில் பார்த்து, வரம்பு தட்டியிருந்தால் 1000 ஆக்கி அனுப்புகிறது கோடு.

டச் காலியான ஆர்டர் இனி ஷீட்டுக்குப் போகாது. "எத்தனை டச் வேணுங்க?" என்ற கேள்வி வாடிக்கையாளருக்குத் திரும்பும். அந்த வாசகம் கோடிலேயே எழுதி வைத்தது; மாடலை எழுத விடவில்லை.