சிமுலேஷனில் சுடாத டிரான்சிஸ்டர்

போனில் ஓடும் பாட்டை ஒரு பழைய 8 ஓம் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், ஆசை அவ்வளவுதான். அதற்கான ஆம்ப்ளிஃபையரை (சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) ஐசி போர்டாக வாங்கியிருந்தால் பத்து நிமிட வேலை. டிரான்சிஸ்டரிலேயே செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம். 12 வோல்ட் அடாப்டர், முன்னால் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், கடைசியில் பிடி139, பிடி140 ஜோடி, அவற்றின் பேஸ்களுக்கு (பேஸ், எமிட்டர், கலெக்டர் மூன்றும் டிரான்சிஸ்டரின் கால்கள்) நடுவே இரண்டு 1என்4148 டயோடு, எமிட்டர்களில் 0.47 ஓம், ஸ்பீக்கருக்கு முன் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். கணக்குப்படி ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு அறைக்கு அது தாராளம்.

சால்டரிங் அயனைத் தொடுவதற்கு முன் சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் மென்பொருளில் வரைந்தேன். முதல் தடவை ஓட்டியபோது வெளியீட்டில் ஒன்றுமே இல்லை, வெறும் நேர்க்கோடு. ஒரு மாலை முழுக்கத் தேடியபின் அகப்பட்டது: உள்ளீட்டில் கிரவுண்டுக்குப் போட்டிருந்த 1 மெகா ஓம் ரெசிஸ்டருக்கு வெறும் 'எம்' என்று எழுதியிருந்தேன். ஸ்பைஸுக்குப் பெரிய எம், சின்ன எம் எல்லாம் ஒன்றுதான், இரண்டும் மில்லி. மெகா வேண்டுமானால் 'எம்ஈஜி' என்று மூன்று எழுத்தும் வேண்டும். நான் ஒரு மில்லி ஓம் ரெசிஸ்டரால் சிக்னலைக் கிரவுண்டோடு கட்டிப்போட்டிருக்கிறேன்!

அதைத் திருத்தியதும் அலை வந்தது, ஆனால் பாதி அலை. கீழ்ப்பக்கம் நாலரை வோல்ட் வரை அழகாக இறங்குகிறது. மேல்பக்கம் இரண்டு வோல்ட்டைத் தொடுவதற்குள் தட்டையாகிவிடுகிறது. பிடி139-இல்தான் கோளாறு என்று நினைத்து மாடலை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் அதன் பேஸ் மின்னோட்டத்தைக் கிளிக் செய்து பார்க்கத் தோன்றியது. 8 ஓம் ஸ்பீக்கரில் நாலரை வோல்ட் உச்சம் என்றால் அரை ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதன் மின்னோட்டப் பெருக்கம் 40 என்று வைத்தாலும் பேஸுக்கு 14 மில்லிஆம்ப் தேவை. அதைத் தர வேண்டியது மேலே சப்ளையிலிருந்து இறங்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அலை மேலே ஏற ஏற அதன் இரு முனைகளுக்கும் இடையே வோல்டேஜே மிஞ்சுவதில்லை. பாவம், அது எதைக் கொடுக்கும்?

இதற்குப் பூட்ஸ்ட்ராப் என்ற பழைய தந்திரம் உண்டு. அந்த ஒரு ரெசிஸ்டரை இரண்டு 180 ஓமாகப் பிரித்து, நடுப்புள்ளிக்கு வெளியீட்டிலிருந்து 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று கொடுத்தேன். வெளியீடு ஏறும்போது நடுப்புள்ளியும் கூடவே ஏறுவதால் கீழ் ரெசிஸ்டரில் வோல்டேஜ் குறையாமல் நிற்கிறது. பயாஸை (டிரான்சிஸ்டரைத் தயார்நிலையில் வைக்கும் வோல்டேஜ்) மாற்றி, சிக்னல் இல்லாதபோது வெளியீட்டில் நிற்கும் ஓய்வு வோல்டேஜை மறுபடி 6-க்குக் கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் சமம். இந்த இடத்தில் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து, புள்ளி போர்டில் சால்டர் செய்தேன். சத்தம் வந்தது, நன்றாகவே வந்தது. ஐந்து நிமிடம் கழித்து ஏதோ தீய்ந்த வாசம். பாட்டை நிறுத்திவிட்டுப் பிடி139-ஐத் தொட்டேன், விரலை உடனே எடுத்துவிட்டேன். மல்டிமீட்டரை சப்ளையில் தொடராகப் போட்டால், சிக்னலே இல்லாமல் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகிறது. 150, 180, 220 மில்லிஆம்ப். சட்டென்று பிளக்கைப் பிடுங்கினேன்.

சிமுலேஷனில் ஓய்வு மின்னோட்டம் 40 மில்லிஆம்பில் ஆடாமல் அசையாமல் நின்றதே? நிற்கத்தான் செய்யும். அங்கே எல்லா டிரான்சிஸ்டரும் எப்போதும் 27 டிகிரியில் இருக்கிறது. நிஜத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்குகிறது. மின்னோட்டம் கூடுகிறது, சூடு கூடுகிறது, மறுபடி மின்னோட்டம். சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் நான் மாட்டவில்லை. டிரான்சிஸ்டரோடு சேர்ந்து சூடாகிப் பயாஸைக் குறைக்க வேண்டிய டயோடுகளோ போர்டின் மறுமூலையில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தன.

சந்தேகம் தீர, எல்டிஸ்பைஸில் வெளியீட்டு டிரான்சிஸ்டர் இரண்டுக்கு மட்டும் வெப்பநிலையை 85 என்று கொடுத்து, டயோடுகளை 27-லேயே விட்டு ஓட்டினேன். 40 இருந்த இடத்தில் 200-ஐத் தாண்டியது. ஆக அதற்கு விடை தெரிந்தேதான் இருந்திருக்கிறது. கேட்காதது நான்.

டயோடுகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு பிடி139-ஐ விபிஇ மல்டிப்ளையராக (தன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜைப் பெருக்கிப் பயாஸாகத் தரும் அமைப்பு) போட்டேன். மூன்றையும் ஒரே அலுமினியத் துண்டில், நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா வைத்து, திருகினேன் (பின்பக்க உலோகம் கலெக்டர், மைக்காவை மறந்தால் அவ்வளவுதான்). பயாஸைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட்டை (திருப்பி மாற்றக்கூடிய சிறு ரெசிஸ்டர்) பேஸ்-எமிட்டர் பக்கம் வைத்தது வேண்டுமென்றேதான்: அதன் தொடுமுனை என்றாவது விட்டுப்போனால் பயாஸ் குறையுமே தவிர ஏறாது. இரண்டு எமிட்டர் ரெசிஸ்டர்களுக்கும் குறுக்கே 9 மில்லிவோல்ட் வரும்வரை மெதுவாகத் திருப்பினேன். கிட்டத்தட்ட 10 மில்லிஆம்ப்.

இரண்டு மணி நேரம் பாடவிட்டு மறுபடி அளந்தேன். 11 மில்லிவோல்ட். அலுமினியம் இளஞ்சூட்டில் இருந்தது.