பதினான்காம் இலக்க ஜேர்சி: டர்ஹாமில் என் முதல் செய்திப் பயணம்

வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசிலில் ஊடகவியல் முதுகலை படித்துக்கொண்டே, அப்பகுதிப் பத்திரிகையொன்றின் விளையாட்டுப் பிரிவில் பயிலுநராக வேலை செய்கிறேன். சேர்ந்து ஆறாவது வாரம், நவம்பர் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், முதன்முறையாக வெளியூர், பக்கத்திலுள்ள டர்ஹாம் பகுதிக்கு, சென்று ஓர் உதைபந்தாட்டப் போட்டியைப் பற்றிய செய்தியை எழுதினேன். அதற்கு நான் எப்படித் தயாரானேன், அங்கே எங்கே தவறினேன், அத்தவறை எப்படித் திருத்தினேன் என்பதை, இதே வழியில் வரவிருக்கும் நம் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன். பத்திரிகையின் பெயரையும் அன்று ஆடிய இரு கழகங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் விசா விடயம். பட்டப்படிப்பு நிலையில் படிக்கும் மாணவர்கள் பிரித்தானியாவில் பாடநாட்களில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்கள் மட்டுமே வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சுயதொழில் அறவே கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் ஊடகத்துறைக்கு வருபவர்களுக்குச் சிக்கலாக அமைகிறது, ஏனெனில் சிறிய போட்டிகளைப் பற்றி எழுதுவோர் பலருக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டே பணம் கொடுக்கிறார்கள். நான் அவ்வாறு வாங்க முடியாது என்பதை நேர்முகத்தேர்விலேயே சொல்லி, பகுதிநேர ஊழியராக ஒப்பந்தம் கேட்டுப் பெற்றேன். சனிக்கிழமைப் பயண நேரத்தையும் வேலை நேரமாகவே எண்ணிக்கொள்ளும்படி பல்கலைக்கழக ஆலோசகர் சொன்னதால், அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் அலுவலகம் போகவில்லை.

எனக்குக் கிடைத்தது நோர்தேர்ன் லீக் போட்டி. 1889இல் தொடங்கிய இந்த லீக், உலகில் இன்றும் நடைபெறும் உதைபந்தாட்ட லீக்குகளில் இரண்டாவது பழமையானது. பிரீமியர் லீக்கை முதல் படியாகக் கொண்டால் இதன் இரு பிரிவுகளும் ஒன்பதாம், பத்தாம் படிகளில் வருகின்றன. ‘அமெச்சூர்’ என்ற சொல்லை 1974ஆம் ஆண்டுக்குப் பிறகு இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்துவதில்லை. தொழில்முறை வீரர், அமெச்சூர் வீரர் என்ற பிரிவையே அந்த ஆண்டில் நீக்கிவிட்டார்கள்; அதுவரை நடந்துவந்த அமெச்சூர் கிண்ணமும் அத்துடன் நின்றது. அந்தக் கிண்ணத்தைப் பத்து முறை வென்ற பிஷப் ஓக்லண்ட் கழகம் நான் போகவிருந்த பகுதியைச் சேர்ந்தது. 1958இல் மியூனிக் விமான விபத்தில் மன்செஸ்டர் யுனைடெட் தன் வீரர்களை இழந்து நின்றபோது, இந்தச் சிற்றூர்க் கழகத்திலிருந்துதான் மூன்று வீரர்கள் உதவிக்குப் போனார்கள். இன்றும் இந்த மட்டத்தில் ஆடுபவர்கள் வாரநாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். நான் பார்க்கவிருந்த இரண்டு அணிகளிலும் மின்னிணைப்பாளர், பள்ளி ஆசிரியர், களஞ்சியத்தில் இரவு வேலை செய்பவர் என்று பலர் இருந்தார்கள்.

புதன்கிழமையே உள்ளூர்க் கழகத்தின் செயலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவரும் சம்பளமில்லாத தொண்டர். பகலில் பதில் வராது, இரவு ஒன்பதுக்கு மேல்தான் வரும் என்று செய்தியாசிரியர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அவ்வாறே வந்தது. இரண்டு அணிகளின் கடைசி ஐந்து போட்டிகளைப் பற்றிய செய்திகளைப் படித்து, வீரர்களின் பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து என் பெயரைப் பிழையாக எழுதிய கடிதங்களை வாங்கிக்கொண்டிருப்பதால், இது எனக்குத் தானாகவே தோன்றியது.

சனிக்கிழமை காலை டார்லிங்டன் வரை விரைவுப் புகையிரதம், அங்கிருந்து பிஷப் ஓக்லண்ட் செல்லும் கிளைப் பாதை. இந்தப் பாதையின் ஒரு பகுதி 1825இல் திறக்கப்பட்ட ஸ்டொக்டன்-டார்லிங்டன் இருப்புப் பாதையின் வழித்தடம். நியூகாசிலில் செய்த ‘லோகோமோஷன்’ இயந்திரம் ஷில்டன் என்ற ஊரிலிருந்து அந்த முதல் ரயிலை இழுத்துப் புறப்பட்டது. நிலக்கரியை ஏற்றிச் செல்வதற்காக உருவான பாதை அது. இப்போது சுரங்கங்களும் இல்லை, ஷில்டனின் வண்டித் தொழிற்சாலையும் 1984இல் மூடப்பட்டுவிட்டது. கழகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

போட்டிக்குப் போகும் முன் வெஸ்ட் ஓக்லண்டில் இறங்கி ஊர்த் திடலிலுள்ள உதைபந்தாட்ட நினைவுச் சிலையைப் பார்த்துவிட்டுப் போகும்படி செய்தியாசிரியர் சொல்லியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி அங்கே அரை மணி நேரம் நின்றேன். 1909இல் இத்தாலியின் தூரின் நகரில் நடந்த சர்வதேசப் போட்டிக்கு இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்களின் அணி சென்று கிண்ணத்தை வென்றது. 1911இல் மீண்டும் சென்று இறுதிப் போட்டியில் யுவென்டஸ் அணியை 6-1 என்று வென்று, கிண்ணத்தைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டது. பயணத்தால் ஏற்பட்ட கடனை அடைக்க அதே கிண்ணத்தை ஊரின் விடுதிக்காரப் பெண்மணியிடம் 40 பவுணுக்கு ஈடு வைத்தார்கள். 1960இல்தான் அது ஊருக்குத் திரும்பியது. 1994இல் திருட்டுப் போன அசல் கிண்ணம் இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது பிரதி.

அந்தக் கிண்ணத்தைக் கொடுத்தவர் சேர் தோமஸ் லிப்டன். இந்தப் பெயரைப் படித்ததும் அந்தக் குளிரில் நான் வீட்டை நினைத்தேன். நான் பண்டாரவளையில் பிறந்து வளர்ந்தவள். லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களில் ஒன்றான தம்பேதென்ன எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, அப்புத்தளையில் இருக்கிறது. அங்கே மலையுச்சியிலுள்ள ‘லிப்டன் இருக்கை’க்குப் பள்ளிச் சுற்றுலா போயிருக்கிறோம். என் பாட்டி கொழுந்து பறித்தவர். தோட்டத் தொழிலாளர் பறித்த கொழுந்தில் ஈட்டிய செல்வத்திலிருந்து வந்த கிண்ணத்தை, பூமிக்கடியில் கரி வெட்டியவர்கள் விடுமுறை எடுத்துப் போய் வென்று வந்திருக்கிறார்கள். அன்றைய செய்தியில் இதற்கு இடமில்லை. ஆனால் அந்நியமான ஒரு வேலைக்கு அந்நியமான ஓர் ஊருக்குப் போகிறேன் என்று காலையிலிருந்து இருந்த படபடப்பு அங்கேதான் அடங்கியது.

மைதானத்துக்கு ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை பிரித்தானியாவில் எந்தப் போட்டியையும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக் கூடாது என்ற விதி, இப்படிப்பட்ட மைதானங்களுக்கு ஆட்கள் வர வேண்டும் என்பதற்காகவே இருக்கிறது. வாசலில் சீட்டுக் கொடுத்த முதியவர் என்னைப் ‘பெட்’ என்று அழைத்தார். இந்தப் பகுதியில் ‘கண்ணு’ என்பதுபோல் அன்பாகச் சொல்லும் சொல் அது. செயலாளர் தேநீர் அறைக்கு அழைத்துச் சென்று, இரண்டு அணிகளின் வீரர் பட்டியலும் எழுதிய ஒரே தாளைக் கையில் கொடுத்தார். கையால் எழுதி நகலெடுத்த தாள். ஒன்று முதல் பதினொன்று வரை ஆடுபவர்கள், 12, 14, 15, 16, 17 மாற்று வீரர்கள். பதின்மூன்று ராசியில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த பெயர்களோடு ஒப்பிட்டு, இரண்டு பெயர்களில் ஓர் எழுத்து வேறுபட்டதைக் கண்டு செயலாளரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டேன்.

செய்தி எழுதும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறிப்பேட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நிமிடத்தையும் வலப்பக்கம் நிகழ்வையும் எழுத வேண்டும். 33 நிமிடமும் 20 விநாடியும் ஆனபோது விழும் கோல் 34ஆவது நிமிடக் கோல். சுவர்க் கடிகாரத்தை நம்பாமல், மத்தியஸ்தர் ஊதும்போதே நம் கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். இதற்கிடையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்திரிகையின் இணையப் பக்கத்துக்கு இரண்டு வரி அனுப்ப வேண்டும். ஆட்டம் முடிந்து பதினைந்து நிமிடத்துக்குள் 350 சொற்களில் முழுச் செய்தியும் போய்விட வேண்டும். முதல் பாதியில் இவையெல்லாம் ஒழுங்காகவே நடந்தன. 29ஆவது நிமிடத்தில் உள்ளூர் அணி பெனால்டியில் கோல் போட்டது. நான்கு மணிக்கு முன்பே வெளிச்சம் போய், விளக்குகளின் கீழே ஆட்டம் தொடர்ந்தது.

61ஆவது நிமிடத்தில் விருந்தினர் அணியின் ஐந்தாம் இலக்கத் தடுப்பு வீரர் தலையோடு தலை மோதி விழுந்தார். நெற்றியில் இரத்தம். அவரைக் கோட்டுக்கு வெளியே அழைத்துச் சென்றார்கள். நான் குனிந்து அதை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, தடுப்பு வரிசையில் பதினான்காம் இலக்க ஜேர்சி நின்றது. பட்டியலைப் பார்த்தேன், பதினான்கு மாற்று வீரர். ‘தலையில் காயமடைந்த ஐந்தாம் இலக்க வீரர் வெளியேறினார், பதினான்கு உள்ளே வந்தார்’ என்று பெயர்களுடன் எழுதி அனுப்பினேன். 78ஆவது நிமிடத்தில் கோர்னர் உதையைத் தலையால் முட்டி அதே பதினான்காம் இலக்க ஜேர்சி கோல் போட்டது. அந்த மாற்று வீரரின் பெயரிலேயே கோலையும் அனுப்பினேன்.

ஓரிரு நிமிடத்தில், எதிர்ப்பக்க வேலியோரம் நின்றிருந்த ஒருவர் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி என்னை நோக்கி வேகமாக வந்தார். அறுபது வயதிருக்கும். “பத்திரிகையிலிருந்து வந்திருப்பது நீங்களா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “கோல் போட்டது என் மகன். ஐந்தாம் இலக்கம் அவன்தான். சட்டையில் இரத்தம் இருந்ததால் பெஞ்சில் இருக்கும் பையனின் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் தாய் வீட்டில் இருந்து நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள் என்று பதினைந்து நிமிடமாக எனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. திரையில் தெரிந்த தவறிய அழைப்புகளை மட்டும் எனக்குக் காட்டினார்.

இரத்தம் படிந்த உடையுடன் ஆட முடியாது என்பது ஆட்ட விதி. அந்த விதி எனக்குத் தெரியும். ஆனால் மாற்று ஜேர்சிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டு செல்லும் பெரிய கழகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தே நான் அதைத் தெரிந்துகொண்டிருந்தேன். இங்கே பெஞ்சில் இருப்பவரின் உடம்பிலிருந்துதான் மாற்று ஜேர்சி வரும். தந்தை சொன்னதை மட்டும் வைத்துத் திருத்துவது சரியல்ல என்று தோன்றியதால், வேலியைச் சுற்றி ஓடி விருந்தினர் அணியின் பெஞ்சுக்குப் போனேன். கழுத்துவரை இழுத்து மூடிய நீண்ட மேலங்கியுடன் பதினான்காம் இலக்க இளைஞர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அணியின் செயலாளரும் உறுதிப்படுத்தினார். செய்தியாசிரியரை அழைத்துச் சொன்னேன். அவர் ஒரே ஒரு அறிவுறுத்தல் தந்தார்: பழைய வரியை அழித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் புதிய வரியைப் போடக் கூடாது, முன்பு எழுதியது தவறு, அவர் நலமாக ஆடிக்கொண்டிருக்கிறார், கோலும் அவருடையதே என்று எழுத வேண்டும். 84ஆவது நிமிடத்தில் அப்படியே எழுதினேன். தந்தை அந்த வரியைத் தன் திரையில் படித்துப் பார்த்த பிறகுதான் தன் இடத்துக்குத் திரும்பினார்.

ஆட்டம் 1-1 என்று முடிந்தது. மத்தியஸ்தரின் அறைக் கதவைத் தட்டி, ஜேர்சி மாற்றத்தை அவர் தம் அட்டையில் குறித்திருந்ததையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு இரு அணிகளின் பயிற்றுநர்களையும் சந்தித்தேன். டர்ஹாம் சுரங்க ஊர்களின் பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. ‘கேனி’ என்றால் நன்று, ‘மாரா’ என்றால் கூட்டாளி என்பவற்றை மட்டும் முன்பே கற்றிருந்தேன். அன்று செய்த தவறுக்குப் பிறகு, புரிந்ததுபோல் தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்டேன். புரியாத இடத்தில், இன்னொரு முறை மெதுவாகச் சொல்ல முடியுமா என்றும் கேட்டேன். இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் சொன்னார்கள்.

குளிரில் என் தொலைபேசி, மின்னேற்றம் மீதியிருந்தும் அணைந்துவிட்டது. செயலாளர் தேநீர் அறையின் கேத்தலைக் கழற்றிவிட்டு அந்தச் செருகியில் என் கம்பியைச் செருகினார். அங்கேயே நின்றபடி எழுதி, பன்னிரண்டாவது நிமிடத்தில் அனுப்பினேன். திங்கட்கிழமைப் பத்திரிகையில் 350 சொற்கள் 180 ஆகியிருந்தன. சிலை தொடர்பான வரி போய்விட்டது, பயிற்றுநர் ஒருவரின் கூற்றும் போய்விட்டது. கோல் போட்டவரின் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது.

அதன் பிறகு நான்கு போட்டிகளுக்குப் போய் வந்திருக்கிறேன். வீரர் பட்டியலை வாங்கும்போதே, மாற்று ஜேர்சி இருக்கிறதா, இருந்தால் அதன் இலக்கம் என்ன என்று இரண்டு செயலாளர்களிடமும் கேட்டுத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். யாராவது அடிபட்டு விழுந்தால், அவர் எழுந்து திரும்பி வரும்வரை அல்லது வேறொருவர் உள்ளே வரும்வரை குறிப்பேட்டைப் பார்ப்பதில்லை.