மரத்தரைக்கு முன்னால் மட்டக்கோல்

மறுவிற்பனை வீட்டில் பழைய டைல்ஸைப் பெயர்த்தபின் அடியில் தெரியும் சிமெண்ட் தரை பெரும்பாலும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். "மரப்பலகைக்கு அடியில் தடிமனான ஃபோம் ஷீட் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பள்ளத்தின் மேல் கிடக்கும் பலகை மிதிக்கும்போதெல்லாம் அமுங்கி எழும். அந்த அசைவு முழுவதும் பலகை ஓரத்தில், அடுத்த பலகையோடு கோக்கும் மெல்லிய நாக்கில்தான் விழுகிறது. முதலில் கிரீச்சென்ற சத்தம் வரும், பிறகு நாக்கு முறியும், இடைவெளி விழும். ஃபோம் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் நடக்கும்.

2 மீட்டர் மட்டக்கோலை, அதாவது நேரான அலுமினியச் சட்டத்தை, குறுக்கிலும் நெடுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்துப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அப்படியே சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டு போங்கள். பொள்ளலாக ஒலிக்கும் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். எடுக்காமல் அதன் மேல் எதை ஊற்றினாலும் அடிப்பூச்சோடு சேர்ந்தே பெயரும்.

மேட்டைத் தேய்ப்பதுதான் முதல் வேலை, பள்ளத்தை நிரப்புவது அதற்குப் பிறகே. கணக்கைப் பாருங்கள். தானே மட்டமாகும் சிமெண்ட் கலவை சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும், ஏறத்தாழ 1.7 கிலோ பிடிக்கும். 10 சதுர மீட்டர் அறையில் 6 மி.மீ. மேட்டை விட்டுவைத்தால், மற்ற இடத்தையெல்லாம் அந்த உயரத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 102 கிலோ, அதாவது 25 கிலோ பையில் நான்கு போதாமல் ஐந்தாவதையும் பிரிக்க வேண்டும். மேட்டைக் கிரைண்டரில் மாட்டும் வைரக் கப் சக்கரத்தால் தேய்த்து, சராசரி நிரப்பு 2 மி.மீ.க்கு வந்துவிட்டால் இரண்டு பை போதும். கதவும் தரையில் உரசாது. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் சிமெண்ட் பூச்சும் மேல்தரையும் சேர்ந்து 50 மி.மீ.யைத் தாண்டக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

தேய்ப்பது சத்தமான வேலை. வீவக விதிப்படி வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கிடையாது. தீபாவளிக்குள் முடிக்க நினைப்பவர்கள் இதைக் கழித்துக்கொண்டு நாள் குறிப்பது நல்லது.

தூசியை வேக்கூம் வைத்து முழுதாக உறிஞ்சிவிட்டுப் பிரைமர் (பிடிப்புத் திரவம்) அடியுங்கள். பிரைமர் இல்லாத பழைய சிமெண்ட் தரை, புதுக் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். ஊசித்துளை விழும், பிடிப்பும் போய்விடும். பையில் அச்சிட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீரை அளந்தே ஊற்றுங்கள். சுலபமாக ஓடட்டும் என்று அரை லிட்டர் கூட்டினால் மேல்பரப்பு மாவாக உதிரும். கலவை இருபது நிமிடத்திலேயே இறுகத் தொடங்கும், அதனால் ஒருவர் கலக்க ஒருவர் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் முள் ரோலரை உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியையோ ஏர்கானையோ போடாதீர்கள். மேல்பரப்பு மட்டும் முந்திக் காய்ந்து வெடிக்கும்.

காய்ந்தபின் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் ஈரம் கோத்திருந்தால் பலகைப் பெட்டியைப் பிரிக்காமல் காத்திருங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு மரம் உப்பும்; சுவரோரம் சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் எனும் சுவரடிப் பட்டையால் மூடுங்கள்.