காடாறு மாதம், நாடாறு மாதம்: நிழல்பாவையில் ஒரு தேவதைக் கதைத் தொடர்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் தமிழ் ஊர்களில், வாசகசாலை ஹாலில் போடுவதற்கென்று ஆறு பாக நிழல்பாவைத் தொடர் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. பாகத்துக்கு 18 நிமிடம். மூன்று பாகம் மேடையேறிவிட்டது. நான்காவதற்குப் பாவை வெட்டும் வேலை நடக்கிறது. இதுவரை எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்பதற்கான குறிப்பு இது.

கதைக்கட்டு

முன்மாதிரி, ஏபிசி சேனலில் 2011 முதல் 2018 வரை 7 சீசன் ஓடிய ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’. ஒரு சாபம் விழுந்து, தேவதைக் கதைப் பாத்திரங்கள் எல்லாரும் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஸ்டோரிப்ரூக் என்கிற கற்பனைச் சிற்றூரில், தாங்கள் யாரென்றே தெரியாமல் குடித்தனம் நடத்துகிறார்கள். ஒரு காட்சி அந்த ஊரில், அடுத்த காட்சி பழைய மந்திரக் காட்டில் என்று மாறி மாறிப் போகும். நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. விக்கிரமாதித்தன் காடாறு மாதம் நாடாறு மாதம் இருந்தவன்தானே. எங்கள் ஸ்கிரிப்டிலும் ஒவ்வொரு காட்சிக்கு மேலேயும் ‘காடு’ அல்லது ‘நாடு’ என்று மட்டும் எழுதியிருக்கும்.

பாகத்துக்கு ஆறு காட்சி, நாட்டில் மூன்று, காட்டில் மூன்று. காட்சிக்கு மூன்று நிமிடம். நாலு நிமிடத்தைத் தாண்டினால் பாவை பிடிப்பவர் கை நடுங்கும், நிழலும் நடுங்கும். பாவைக்கு ஏற்ற வேகத்தில் பேசினால் நிமிடத்துக்கு 80 சொல்லுக்கு மேல் போகாது. பாட்டு இல்லாத காட்சி 240 சொல்லில் முடிந்துவிட வேண்டும்.

காட்சிகளை அடுக்குவதில் ஒரே கட்டுப்பாடுதான். நாட்டுக் காட்சி கிளப்பிய கேள்விக்கு அடுத்த காட்டுக் காட்சி பாதி பதில்தான் சொல்லலாம். முழுப் பதிலும் வந்துவிட்டால் காடு வெறும் பிளாஷ்பேக் ஆகிவிடும். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எழுந்து போவது அங்கேதான். பதிலே வராவிட்டால் இரண்டு கதை தனித்தனியாக ஓடுவதுபோல் தெரியும்.

அந்தத் தொடரில் சாபத்தின் அடையாளம் 8:15-இல் நின்றுபோன மணிக்கூண்டுக் கடிகாரம். நாயகி ஊரில் தங்க முடிவு செய்ததும் முள் நகரும். இங்கே அதற்குச் சமமாக வைத்திருப்பது சோதனைச்சாவடிக் குறுக்குக்கம்பம். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டதை வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கதையில் வரும் ஊரில் கம்பம் இறங்கியது இறங்கியபடியே கிடக்கிறது. முதல் பாகம் முடியும்போது விரலளவு தூக்கும். திரையில் அது 2 செ.மீ. அசைவுதான், அதற்கே கைதட்டல் வந்தது.

இரண்டு பாத்திரத்தை ஒன்றாக்குவது

அந்தத் தொடரின் எழுத்தில் எங்களுக்கு ரொம்பப் பிடித்த வித்தை இது. வைக்கோலைப் பொன்னாக நூற்கும் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கினேதான் அழகியைச் சிறைவைத்த மிருகம். கேப்டன் ஹூக்கின் முதலையும் அவனே. சிவப்புக் குல்லாய்ப் பெண்ணைத் துரத்தும் ஓநாய் அந்தப் பெண்ணேதான். ஒவ்வொரு முடிச்சும் தெரிந்த கதையைத் தெரியாத கதையாக்குகிறது, பாத்திர எண்ணிக்கையையும் குறைக்கிறது. திரைக்குப் பின்னால் நாலே பேர் நிற்கும் குழுவுக்கு இது உயிர்நாடி.

எங்கள் இணைப்புகள்: வடை சுடும் பாட்டிதான் பனைமரத்து யட்சி. அவளிடமிருந்து காகம் எடுத்துப் போன வடைக்குக் குறிவைக்கும் நரிதான், நாட்டில் வட்டிக்கடைக்காரர். (ஸ்டோரிப்ரூக்கிலும் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கினுக்கு அடகுக்கடைதான் கொடுத்திருக்கிறார்கள். தேவதைக் கதையில் பேரம் பேசுபவன் ஊருக்குள் வந்தால் வேறு என்ன கடை வைப்பான்?) காகம், நாட்டில் தனியார் பஸ் கண்டக்டர். ஏழு கடல் ஏழு மலை தாண்டி உயிரை ஒளித்து வைத்திருக்கும் கிளி, நாட்டில் ஜோசியக்காரர் கூண்டுக்குள் சீட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த உயிர் யாருடையது என்பது ஐந்தாம் பாகத்து விஷயம். உயிருள்ள கிளியைக் கொண்டுவரலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். நம் நாட்டுக் கிளியை வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அட்டைக்கிளி போதும்.

இணைக்கும்போது பார்க்க வேண்டியது, இரண்டு கதையிலும் அந்த ஆள் விரும்புவது ஒன்றுதானா என்பதை. யட்சி வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பாள். அவளுக்கு வேண்டியது ஆள் தன் பக்கத்தில் வந்து நிற்பது. பாட்டிக்கும் அதேதான் வேண்டும், வியாபாரம் ஆக வேண்டுமே. ஆகவே அந்த இணைப்பு நிற்கிறது. காகத்தையும் இளவரசனையும் ஒன்றாக்கலாம் என்று வந்த யோசனை நிற்கவில்லை. காகத்துக்குப் பசி, இளவரசனுக்குப் பெருமை. ஒட்டினால் இரண்டு பாதியாகத்தான் தெரியும்.

கணக்கு நோட்டு

மந்திரம் எதுவும் சும்மா வராது, விலை உண்டு என்பது அந்தத் தொடரின் அடிப்படை. அதை நோட்டில் பத்தி போட்டு எழுதிவிடுகிறோம்: யார் கேட்டது, என்ன கிடைத்தது, என்ன போனது, பாக்கி எந்தப் பாகத்தில் தீர்கிறது. பாகத்துக்கு ஒரு பேரம் மட்டும். இரண்டு வைத்தால் இரண்டுமே மனதில் தங்காது.

விலையாகப் போகும் பொருளின் மதிப்பு, கொடுக்கும் நேரத்தில் கொடுப்பவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குத் தெரியலாம். இரண்டாம் பாகத்தில் காகம் நரியிடம் குரலை விற்கும் இடம், முதலில் பேசுவது நரி:

“ஏனுங்க காக்கா, அந்தக் குரல வெச்சு என்ன பண்றீங்க? ‘கா’ன்னு ஒரே ஒரு சொல்லு. அதுக்கு ஒரு வடையே சாஸ்திங்க.”

“குரலு போனா திரும்ப வருமுங்களா?”

“தின்ன வடை திரும்ப வருமுங்களா? அது மாதிரிதானுங்க.”

அடுத்தது நாட்டுக் காட்சி. கண்டக்டருக்குப் பேச்சு வராது, விசில்தான். ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் போ. பஸ் பின்னால் எடுக்கும்போது சக்கரத்துக்கு அருகில் குழந்தை. பதற்றத்தில் இரண்டு ஊதிவிடுகிறார். ‘நில்லு’ என்று கத்தக் குரல் இல்லாததன் விலை அந்த நொடியில்தான் தெரிகிறது. குழந்தையை இழுத்துப் போடுவது வடைப்பாட்டி. இழுக்கும்போது இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பா விழும். விசிலை வாயால் ஊத வேண்டும், போனில் பதிவு செய்ததைப் போட்டால் அசைவோடு சேராது.

யாருக்கு என்ன நினைவிருக்கிறது

மறதிச் சாபக் கதையில் ஸ்கிரிப்டைவிட முக்கியமான தாள் இது. இடப்பக்கம் பாத்திரங்கள், மேலே பாக எண்கள், கட்டத்துக்குள் ‘தெரியும்’, ‘தெரியாது’, ‘தெரிந்தும் நடிக்கிறார்’. மூன்றாவது வகை ஒரே ஒருவருக்குத்தான். எங்கள் கதையில் அது நரி. இன்னொருவருக்கும் கொடுத்தால் அந்த இருவரும் சந்திக்கும் காட்சி பிரமாதமாக இருக்கும். ஆனால் அடுத்த காட்சியிலிருந்து மற்றவர்களெல்லாம் ஏமாளிகளாகத் தெரிய ஆரம்பிப்பார்கள்.

எல்லாருக்கும் நினைவு திரும்புவதைக் கடைசிப் பாகம் வரை தள்ள வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அந்தத் தொடரில் முதல் சீசன் முடிவிலேயே சாபம் உடைந்துவிடும். அதற்கப்புறம் கதையை ஓட்ட மறுபடி மறுபடி புதுச் சாபம் போட்டு நினைவைத் துடைக்க வேண்டிவந்தது. ஏழாம் சீசனில் சியாட்டில் நகரத்துப் பேட்டை ஒன்றில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். முதல் சீசனின் இறுக்கம் அதற்குப் பின்னால் வரவே இல்லை என்பது எங்கள் கட்சி.

பாவை

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் காட்டுப் பாவை ஒன்று, நாட்டுப் பாவை ஒன்று. உடை, உயரம், கையில் இருப்பது எல்லாம் மாறலாம். ஓரக்கோட்டில் ஒரே ஒரு வளைவு மாறவே கூடாது. நரிக்கு அது மூக்கும் கூன் முதுகும் சேரும் கோடு. வட்டிக்கடைக்காரர் சட்டை போட்டிருந்தாலும் கூன் அதே கோணத்தில் இருக்கும். யட்சிக்கு, இடுப்பில் டப்பாவை அணைத்த முழங்கை. பாவையை வெட்டியதும் வர்ணம் ஒட்டாமல், கதை தெரியாத பிள்ளை ஒன்றை 20 அடி தள்ளி உட்காரவைத்து, இரண்டு நிழலையும் காட்டி “இது ரெண்டும் ஒரே ஆளா?” என்று கேட்பது வழக்கம். இல்லை என்றால் மறுபடி அட்டை.

உயரம் 30 செ.மீ., திரை 6க்கு 4 அடி. அட்டை 300 ஜிஎஸ்எம் கறுப்பு. 200-இல் கை மடங்கும். மழைக்காலத்தில் அட்டை நெளியும். கறுப்பு பிளாஸ்டிக் ஃபைல் அட்டை நெளியாது, ஆனால் பேப்பர் கட்டர் வழுக்கும், மெதுவாக இரண்டு மூன்று கீறலில் வெட்ட வேண்டும். மூட்டுக்கு நைலான் நூல், இரண்டு பக்கமும் முடிச்சு. நூலை இழுத்துக் கட்டினால் கை உயர்த்தியபடியே நின்றுவிடும், ஒரு மி.மீ. தளர்வு வேண்டும். உடம்புக்கு மூங்கில் குச்சி, கைக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, 2 மி.மீ. கனம்தான் என்பதால் நிழலில் கண்ணை உறுத்தாது. வர்ணத்துக்குப் பூங்கொத்து சுற்றும் கலர் கண்ணாடித் தாள். பசை தடவினால் சுருங்கும், டபுள் சைடு டேப் போதும்.

நிற்கும் பாத்திரங்களைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டாம். இதற்கான வழி பக்கத்திலேயே இருக்கிறது. பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் தோல்பாவைக்கூத்தில் பேசாமல் நிற்கும் பாவையைத் திரைத்துணியில் முள்ளால் குத்தி நிறுத்திவிடுவார்கள். நாங்கள் குண்டூசி வைக்கிறோம். கை ஒன்று மிச்சம், துணியோடு ஒட்டி நிற்பதால் நிழலும் கூர்மை.

வெளிச்சம்

தோல்பாவைக்கூத்து நடக்கும் கோயில் மேடையான கூத்துமாடத்தில் 42 அடி நீளத்துக்கு, தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கு வரிசையாக எரியும். சுடர் அசைய அசையப் பாவை மூச்சுவிடுவது போலத் தெரியும். அந்த அசைவு காட்டுக்கு வேண்டும், நாட்டுக்கு வேண்டாம். ஆகவே காட்டுக் காட்சிக்கு ஐந்து எண்ணெய் விளக்கு, நாட்டுக்கு ஒற்றை வெள்ளை எல்இடி. யாரும் ‘முன்னொரு காலத்தில்’ என்று சொல்ல வேண்டியதே இல்லை.

இதில் சிக்கல் மூன்று. எல்இடியை அணைத்துவிட்டு விளக்குக்கு மாறினால் முதல் சில நொடி திரையே இருட்டாகத் தெரியும், கண் பழக நேரம் வேண்டும். எல்இடிக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடித் தாள் இரண்டு மடிப்பு வைத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டோம். மாறும் இடத்தில் பறை பத்து நொடி, பேச்சு கிடையாது. இரண்டாவது, ஐந்து விளக்குக்கு ஐந்து நிழல். பாவை துணியைத் தொட்டிருந்தால் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று விழும், இரண்டு விரற்கடை விலகினாலே ஓரம் பல்பல்லாகப் பிரியும். காட்டில் யாரும் துணியை விட்டு விலகக் கூடாது.

மூன்றாவது எல்இடி வகை. இரண்டடி பேனல் லைட் உதவாது. விளக்கு அகலமாக இருந்தால் நிழல் ஓரம் கரைந்துபோகும். ஒற்றைப் பொட்டாக எரியும் 10 வாட் சிஓபி வாங்கி, மேல்மூடியைக் கழற்றி, துணியிலிருந்து 150 செ.மீ. பின்னால் வைக்க வேண்டும். இந்தத் தூரத்தில் பாவையை விளக்குப் பக்கமாக 75 செ.மீ. கொண்டுபோனால் நிழல் சரியாக இரண்டு மடங்கு. விளக்கு ஒரு செ.மீ. அகலம் என்றால் ஓரமும் ஒரு செ.மீ. மங்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் பாகத்தில் நாட்டுப் பாட்டி ஒரு கணம் யட்சி உயரத்துக்கு வளர்வது இப்படித்தான். பாவையை நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சாய்ந்தால் தலை மட்டும் பெருக்கும், அரங்கம் சிரித்துவிடும்.

காற்று

கார்த்திகை முதல் மாசி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கேயிருந்து அடிக்கும். திரை பாய்மரமாகிவிடும், விளக்கும் நிற்காது. துணியின் கீழ்விளிம்பில் மடிப்புத் தைத்து அதற்குள் முக்கால் அங்குல ஜிஐ பைப் செருகி, இரண்டு முனையையும் திரையைத் தாங்கும் காலோடு கட்ட வேண்டும். மல் துணி ஒற்றை மடிப்பு போதும். பாலியஸ்டர் பளபளக்கும், விளக்குப் பொட்டு முன்பக்கம் தெரியும். கிழக்குச் சன்னலைத் தார்ப்பாயால் மூடலாம், விளக்கிலிருந்து ஆறடிக்குள் தார்ப்பாய் வரக் கூடாது. மணல் வாளி இரண்டு, ஈரச்சாக்கு ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில்.

நான்காம் பாகத்துக்கு மீதி வேலை: கிளிஜோசியக்காரர் பாவைக்கு விரல் மூட்டு, சீட்டு ஒவ்வொன்றாக வெளியே வர நூல் ஏற்பாடு, நோட்டில் கண்டக்டரின் பாக்கி தீரும் காட்சி. சீட்டை 5 செ.மீ. அகலத்துக்குக் குறைவாக வெட்டினால் பின்வரிசைக்குத் தெரியாது. அதிலிருக்கும் படத்தையும் துளையாக வெட்டிக் கலர்த்தாள் ஒட்டினால்தான் யட்சி எது, நரி எது என்று பிரியும். கம்பம் இந்தப் பாகத்தில் தூக்காது, ஒரு அங்குலம் இறங்கும்.