குழந்தைகள் எண்ணிக்கை: 0

வரவேற்பில் கொடுத்த படிவத்தில் "குழந்தைகள் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருந்தது. 0 என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கவலைப்படாதீங்க சார், எங்க டாக்டர்கிட்ட வந்து நிறைய பேருக்குக் குழந்தை பிறந்திருக்கு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முப்பத்துநாலு வயதில், குழந்தையில்லாத ஒருவன் யூராலஜி டாக்டரிடம் வேறு எதற்கு வருவான்? நான் வந்திருந்தது வாசெக்டமிக்கு, அதாவது விந்துக்குழாயை அடைத்துவிடும் ஆண் கருத்தடை அறுவைக்கு.

எனக்கும் மனைவிக்கும் குழந்தை வேண்டாம். ஏன் என்று இங்கே எழுதப் போவதில்லை. விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்த விஷயம், ஏழு வருஷமாக மாறவில்லை. கருத்தடை முறைதான் மாறிக்கொண்டே இருந்தது, அதன் பாடு முழுக்க அவளுடையதாகவும் இருந்தது. முதலில் மாத்திரை. அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வலி வருவதற்கு முன் கண்ணில் கோணல்மாணலாக வெளிச்சம் ஓடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது, பக்கவாத ஆபத்து கூடும் என்பது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். ஆனால் இரண்டு வருஷம் அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மாத்திரை எழுதிக் கொடுக்கும் முன் உங்களிடமும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி. பத்து வருஷம் வரை தாங்கும், மாத்திரை மாதிரி மறந்துவிட வழியில்லை, நல்ல சாதனம்தான். ஆனால் மாதவிலக்கு ரத்தப்போக்கை அது அதிகமாக்கக்கூடும் என்பது அவள் விஷயத்தில் அப்படியே நடந்தது. கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துகொண்டது. கருக்குழாயை அடைத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "முதல்ல ஒண்ணு பெத்துக்கோம்மா" என்ற பதில் வந்தது. பெண்ணுக்கு அது வயிற்றுக்குள் போய்ச் செய்யும் அறுவை, பெரும்பாலும் முழு மயக்கத்தில். ஆணுக்கு மரத்துப்போகும் ஊசி, இருபது முப்பது நிமிஷம். இந்தக் கணக்கு எனக்கு உறைக்க ஏழு வருஷம் ஆனது என்பதுதான் வெட்கம்.

சரி, முதல் டாக்டருக்கு வருவோம். படிவத்தைப் பார்த்தார், விஷயத்தைச் சொன்னேன், பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு குழந்தை ஆகட்டும், நானே பண்ணி விடறேன்." மொத்தம் நாலு நிமிஷம். ஃபீஸ் மட்டும் முழுசாக.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். 1960களில் அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு விதி இருந்ததாம். பெண்ணின் வயதைக் குழந்தைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 120 வர வேண்டும், வந்தால்தான் அறுவை. முப்பது வயதுக்காரிக்கு நாலு குழந்தை வேண்டும். குழந்தையே இல்லாதவளுக்கு நூறு வயதானாலும் பெருக்கினால் பூஜ்ஜியம்தான். விதி எப்போதோ போய்விட்டது, என் டாக்டரின் மனக்கணக்கு மட்டும் அதே வாய்ப்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் குடும்பக் கட்டுப்பாட்டுக் கையேட்டில், சரியான ஆலோசனையும் முழுச் சம்மதமும் இருந்தால் எந்த ஆணும் வாசெக்டமி செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது. குழந்தை இல்லாதவர், கல்யாணம் ஆகாதவர், வயதில் இளையவர் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இரண்டாவது டாக்டரிடம் போனேன்.

அவரும் மறுத்தார். ஆனால் இந்த முறை ஒரு கேள்வியோடு போயிருந்தேன். "டாக்டர், இது சட்டமா, இந்த ஆஸ்பத்திரியோட விதியா, இல்ல உங்க அபிப்பிராயமா?" இந்த வழியில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் இந்த ஒரு கேள்விதான். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஜப்பானில் துணைவரின் சம்மதம் கேட்கிறது சட்டம். பிரான்ஸில் 2001-இல் வந்த சட்டம் வயது வந்த யாருக்கும் அனுமதி தந்து, நாலு மாதம் யோசிக்கச் சொல்கிறது. சட்டமே தடுத்தால் டாக்டரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. விதி என்றால் வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம். அபிப்பிராயம் என்றால் வேறு டாக்டர் பார்த்தால் போதும். மூன்றையும் ஒரே "முடியாது"க்குள் போட்டு மூடிவிடுவதால்தான் பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "என் அபிப்பிராயம்தான். சின்ன வயசுல பண்ணிக்கிட்டவங்க பின்னால வருத்தப்படறாங்க." அதை என் கேஸ் ஷீட்டில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். பேனா காகிதத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. கடைசியில் எழுதாமல், இன்னொரு டாக்டரின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். அதற்கு நன்றி.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 1999-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், முப்பது வயதுக்குள் கருக்குழாய் அறுவை செய்துகொண்ட பெண்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேர் பதினாலு வருஷத்துக்குள் வருத்தம் தெரிவித்தார்கள். முப்பதைத் தாண்டிச் செய்தவர்களில் 6 சதவீதம். டாக்டர்கள் இந்த எண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆய்வில், ஒரு குழந்தைகூடப் பெறாமல் செய்துகொண்டவர்களிடம் வருத்தம் 6 சதவீத அளவில்தான் இருந்தது. வேண்டாம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் யோசித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். நாளைக்கு மனைவி இல்லாமல் போனால்? பிரிந்தால்? அடுத்து வருபவருக்குக் குழந்தை வேண்டும் என்றால்? கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இதையே முதல் இருவரும் கேட்டிருந்தால் கதவைச் சாத்தக் கேட்டிருப்பார்கள். இவர் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். திரும்ப இணைக்கும் அறுவை உண்டு, ஆனால் அதை நம்பி இதைச் செய்யாதீர்கள், வருஷம் ஏற ஏற வெற்றி குறையும் என்றார். விந்தணுவை உறைய வைக்க வேண்டுமா என்றார், வேண்டாம் என்றேன். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். போனேன். சம்மதப் படிவத்தில் கையெழுத்து என்னுடையது மட்டும்.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கத்தி வைக்காமல் ஒரே ஒரு சின்னத் துளை வழியாகச் செய்யும் முறை, 1974-இல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. ஊசி சுருக்கென்றது. பிறகு வலி இல்லை, ஆனால் அடிவயிற்றிலிருந்து யாரோ நூலைப் பிடித்து இழுப்பது போல ஒரு விசித்திரமான உணர்வு. விந்துக்குழாயின் முனையைச் சூட்டுக்கோலால் தீய்த்தபோது லேசான புகை வாசம், அது என்னுடையது என்று புரிய ஒரு நொடி ஆனது. நர்ஸ் என் கவனத்தைத் திருப்பக் கிரிக்கெட் பேசினார். இரண்டு நாள் ஐஸ், ஒரு வாரம் இறுக்கமான உள்ளாடை, கனம் தூக்கக் கூடாது. நாவல்பழ நிறத்தில் ஒரு கன்றல் வந்து பத்து நாளில் போனது. ஹார்மோன், ஆசை, எதிலும் மாற்றமில்லை. நண்பன் கேட்டான் என்பதால் எழுதுகிறேன்.

பலரும் தவறவிடுவது இதற்குப் பிறகு இருப்பதைத்தான். அறுவை முடிந்த அன்றே வேலை செய்யாது. ஏற்கனவே குழாயில் இருக்கும் அணுக்கள் தீர இரண்டு மூன்று மாதம், சுமார் இருபது தடவை விந்து வெளியேற்றம் ஆகும். பரிசோதனையில் தேறும் வரை பழைய கருத்தடை தொடர வேண்டும். பன்னிரண்டாவது வாரம் சாம்பிளை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டியிருந்தது. சூடு ஆறக் கூடாது என்பதால் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். கவுன்டரில் காரணம் என்ற இடத்தில் "குழந்தையின்மை" என்று டிக் அடித்துவிட்டார்கள். திருத்தச் சொன்னேன், கவுன்டரே திரும்பிப் பார்த்தது.

முடிவில் அசைவில்லாத அணுக்கள் கொஞ்சம் இருந்தன. ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகாமல், அசைவும் இல்லாமல் இருந்தால் போதும் என்பதுதான் அளவுகோல், உங்களுக்கு அதைவிட ரொம்பக் குறைவு என்றார் டாக்டர்.

"ஒரு லட்சம்னா கொஞ்சமா?" என்றாள் மனைவி.

நாலு வாரம் கழித்து மறுபடியும் அதே ஆட்டோ, அதே நெஞ்சு. இந்த முறை ரிப்போர்ட்டில் 0. இனி கரு தரிக்கும் வாய்ப்பு இரண்டாயிரத்தில் ஒன்று என்றார் டாக்டர். அதை அவள் ஒத்துக்கொண்டாள்.

மறு வாரம் அவளுடைய காப்பர் டியை எடுக்கப் போனோம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தட்டில் கிடந்ததைப் பார்க்க வேண்டும் என்றாள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத வெள்ளை பிளாஸ்டிக், அதைச் சுற்றிக் கறுத்துப்போன செம்புக் கம்பி, வால் மாதிரி இரண்டு நூல். "இதுக்கா இத்தனை ரத்தம்" என்றாள் என்னிடம்.

நர்ஸுக்கு அது காதில் விழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போகிறபோது அவள் தோளைத் தட்டி, "சீக்கிரமே நல்ல சேதி சொல்லணும்" என்றார்.