அந்த லைசென்ஸ் எல்லையோடு நின்றுவிடும்

அமெரிக்காவில் விடுமுறைக்குக் காரில் கிளம்பும் நண்பர்களே, டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ் அப்படி இல்லை.

2013-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், பென்சில்வேனியா லைசென்ஸோடு நியூ ஜெர்சிக்குள் போனார். போலீஸ் வண்டியை நிறுத்தியதும், துப்பாக்கியும் இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது என்று அவரே சொன்னார். உடனே கைது. நியூ ஜெர்சி அந்த லைசென்ஸை ஏற்பதில்லை. பல வருடச் சிறை என்ற பயத்தோடு வாழ்ந்தவருக்கு 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். உண்மையைச் சொன்னவருக்கா இந்தக் கதி என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

1986-ஆம் வருட மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி சரி என்றால், நடுவில் உள்ள மாநிலத்தைக் கடக்கலாம். ஆனால் தோட்டாவை எடுத்துவிட்டு, இரண்டையும் கைக்கு எட்டாமல் டிக்கியில் வைக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டியா? பூட்டிய பெட்டி வேண்டும். டாஷ்போர்டு அறை கணக்கில் வராது. அதுவும் கடந்து போகத்தான், தங்கிச் சுற்றிப் பார்க்க இல்லை.

ஹோட்டல் புக் பண்ணும் முன்பே, போகிற மாநிலம் உங்கள் லைசென்ஸை ஏற்கிறதா என்று அந்த மாநில போலீஸ் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஏற்கவில்லையா, வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.