பூ முழமும் ஸ்கேலும்
இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவை சொல்லித் தரும்போது எடுத்த எடுப்பில் ஸ்கேலை நீட்டாதீர்கள். சேலம் சின்னக்கடை வீதியில் பூக்காரம்மா முழம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து அதே சரத்தைப் பாட்டி அளந்தால் இரண்டு முழம், பேத்தி அளந்தால் மூன்றுக்குக் கிட்ட வரும். ‘ஏன் பாட்டி மாறுது?’ என்று அதுவே கேட்கும். கேட்கட்டும், அதற்குப் பிறகுதான் சென்டிமீட்டருக்கு வேலை.

ஸ்கேலைப் பூஜ்ஜியத்தில் வைக்காமல் 1-இல் வைத்து அளக்கிற பிள்ளைகள் நிறைய. 5 செ.மீ. பென்சில் 6 ஆகிவிடும். கோடுகளை எண்ணாமல் இடைவெளிகளை விரல் வைத்து எண்ணச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

எடைக்கு மாம்பழ சீசன் போதும். ஒரு கையில் மல்கோவா, மறு கையில் செந்தூரா. எது கனம், எத்தனை கிராம் இருக்கும்? சொன்ன அப்புறம்தான் தராசு. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனால் கடைக்காரரே சந்தோஷமாக நிறுத்துக் காட்டுவார்.